முதல்ல எறங்குதவன்

எல் போர்டை எப்பக் கழட்டலாம்னா கேக்கிய? கேளுங்க, கேளுங்க. எல்லாரும் ரெண்டாம் நாளே கேட்டுருவாவ. நீங்க இத்தன நாள் பொறுத்தியள்லா, அந்த மட்டுக்கு மகராசன்தான். மொதல்ல கிளட்ச்ச அமுக்குங்க அண்ணாச்சி. முழுசா. செருப்பு தடுக்குதுன்னா கழட்டிப் போட்டுட்டு அமுக்குங்க, இங்க ஒருத்தரும் கோவிச்சுக்கிட மாட்டாவ. ஆங். இப்பப் பைய விடுங்க, மெதுவா.

வண்டி ஆஃப் ஆயிட்டுல்லா. பரவால்ல. திரும்பச் சாவியப் போடுங்க. பின்னால நிக்க லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அடிச்சா அடிக்கட்டும். அவன் எல் போர்டப் பாத்துட்டான், தானா வெலகிப் போயிருவான்.

ஒங்க கேள்விக்கு எங்கிட்ட சரியான பதில் இருக்கு. பாளையங்கோட்டையில முப்பது வருசமா என் பேர்லயே ஆவுடைநாயகம் டிரைவிங் ஸ்கூல் நடத்துதேன். இந்த ஊர்ல ஒழுங்கா வண்டி ஓட்டுதவன் எல்லாம் எங்கிட்டப் படிச்சவன், மத்தவன் எல்லாம் படிக்காதவன். ஆனா பழகுதவன் எப்பப் பழகுதவன் இல்லாம ஆவாங்கிறத நான் ரோட்டுல படிக்கல. வானத்துல படிச்சேன். சிரிக்காதிய. ஏரோப்ளேன்ல இருந்து கீழ சாடினவன் நான். லைசென்ஸ் எடுத்துச் சாடினவன். பர்ஸ்ல இருக்கு, வண்டிய நிறுத்தினதும் காட்டுதேன். இப்ப ரோட்டப் பாருங்க, என் மூஞ்சியில ஒண்ணும் எழுதல.

அங்க எனக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு அண்ணாச்சி. இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. லைசென்ஸ் எடுத்த ஒருத்தனுக்குத் திரும்பவும் எல் போர்டு மாட்டுவாவளா? எந்த ஊர்லயாவது நடக்குமா? நான் சொல்லுதேன், நீங்க ஞாயம் சொல்லுங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க.

என் மக அகிலா மெல்போர்ன்ல இருக்கா. கம்ப்யூட்டர் சோலி. மாப்ள தீபனுக்கும் அதே சோலிதான். அவருக்கு ஈரோட்டுப் பக்கம், பேசினா வாய்க்கு வாய் ஒரு 'ங்க' வரும். முந்தின வருசம் அகிலா முழுகாம இருக்கான்னு சேதி வந்ததும் என் வீட்டுக்காரி கோமதி பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டா. மகளுக்கு அஞ்சாம் மாசம் நடக்கும்போதே ரெண்டு பேரும் போய் எறங்கியாச்சு. கோமதிக்கு அங்க ஒரு சமையல்கட்டு கிடைச்சிட்டு. எனக்கு என்ன கிடைச்சிது? அந்த ஊர்ல ஒருத்தன் ஹாரன் அடிக்க மாட்டான். ஒருத்தன் குறுக்க வர மாட்டான். திட்டுததுக்கு ஆள் இல்லாம நாக்கு ஒட்டிப் போச்சு.

சனிக்கிழம ஆனா மாப்ள முதுகுல ஒரு மூட்டைய மாட்டிக்கிட்டு விடியவும் கிளம்பிருவாரு. நான் ஜிம்முக்குப் போறாருன்னு நினைச்சேன். ஒரு நாள் அகிலா என்னத் தனியாக் கூப்பிட்டா.

"அப்பா, அவன் ப்ளேன்ல இருந்து குதிக்கப் போறான்ப்பா. கல்யாணத்துக்கு முந்தியே உள்ள கோட்டிப் பைத்தியம். பிள்ள வாரதுக்குள்ள விட்டுருன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிட்டு. நான் சொன்னா சிரிக்கான். நீங்க சொன்னாக் கேப்பான்" அப்படின்னா.

புருசன அவன் இவன்னுதான் பேசுதா, காலம் அப்படி. ஆனா கண்ணு கலங்கிட்டு. சின்னப் பிள்ளையில சைக்கிள்ல இருந்து விழுந்தப்பக்கூட அவ அழல, கேட்டியளா. அந்தப் பிள்ள அழுதா. "நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியா இரு. பிள்ள வாரதுக்குள்ள மாப்ள சாடுதத விட வைக்கது என் பொறுப்பு"ன்னு அவ கையப் பிடிச்சு வாக்குக் கொடுத்தேன். இத நல்லா ஞாபகம் வச்சிக்கிடுங்க. வாக்குக் கொடுத்தேன். கடைசியில அத நிறைவேத்தினேனா இல்லியான்னு பாருங்க.

பிரேக், பிரேக். நாய் அண்ணாச்சி அது, ஸ்பீடு பிரேக்கர் இல்ல. கவலப்படாதிய, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு.

அடுத்த சனிக்கிழம நானும் மாப்ள கூடக் கிளம்பினேன். ஊருக்கு வெளிய ஒன்றரை மணி நேரம். சுத்தி ஆட்டுப் பண்ண, நடுவுல ஒரு தகரக் கொட்டகை, ஒரு சின்ன ப்ளேன், ஒரு கம்பத்துல ஆரஞ்சு கலர்ல துணிப்பை ஒண்ணு. காத்து எங்கிட்டு அடிக்குன்னு பாக்கதுக்கு. அந்த இடத்துக்குப் பெரிய வாத்தியாரு ஒரு பொம்பள. டெப்பின்னு பேரு. அம்பது வயசு இருக்கும், குட்டை, வெயில்ல காஞ்ச மூஞ்சி. குரல் மட்டும் நம்ம ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல டிரிப்புக்கு ஆள் கூப்பிடுத குரல்.

நான் மாப்ளையத் தனியா ஒதுக்கி, "ஒரு விசயம் பேசணும் மாப்ள"ன்னேன்.

"பேசலாங்க மாமா. அதுக்கு முந்தி ஒருக்கா மேல போயிட்டு வந்துருங்க. பாக்காத படத்தைத் திட்டறது நல்லாவா இருக்குமுங்க?" அப்படின்னாரு.

எனக்கு ஞாயமாத்தான் பட்டுச்சு. முதல் தடவ தனியா விடமாட்டாவ. வாத்தியாரு நெஞ்சோட நம்மளச் சேத்துக் கட்டிருவாவ, டபுள் கன்ட்ரோல் வண்டி மாதிரி. நான் டெப்பி வயித்துல குரங்குக் குட்டி கணக்கா தொங்கினேன். கோமதி பாத்திருந்தா அன்னைக்கே என் கத முடிஞ்சிருக்கும். கதவத் தெறந்தா கீழ ஒண்ணுமே இல்ல. நான் முருகான்னேன், அவ ஏதோ இங்கிலீஷ்ல சொன்னா, ரெண்டு பேரும் விழுந்தோம். என் கன்னத்துத் தோலு காதுக்குப் பின்னால போயிட்டு. அப்புறம் பாராசூட் குடை விரிஞ்சிது.

குடை விரிஞ்சதும் ஒரு சத்தமும் இல்ல அண்ணாச்சி. முப்பது வருசமா என் காதுல ஹாரனும் கியர் பல்லு தேயுத சத்தமும்தான் கேட்டிருக்கு. தூக்கத்துலயும் 'பிரேக்கு பிரேக்கு'ன்னு கத்துவேன்னு கோமதி சொல்லுவா. அன்னைக்கு ஒண்ணுமில்ல. கீழ ஆடு மேஞ்சிக்கிட்டு இருக்கு. எனக்கு அழுக வந்துட்டு. டெப்பி கேட்டதுக்குக் கண்ணுல காத்து பட்டுட்டுன்னு சொல்லிட்டேன்.

தரையில காலு பட்டதும் மாப்ள வந்தாரு. "என்னமோ பேசணும்னீங்களே மாமா?"

"அடுத்த வாரமும் வரலாமா மாப்ள?"ன்னேன்.

நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. ஒருத்தர ஒரு சோலிய விடச் சொல்லணும்னா அந்தச் சோலி நமக்குத் தெரிஞ்சிருக்கணும்லா? வண்டி ஓட்டத் தெரியாதவன் அடுத்தவன் ஓட்டுததக் குத்தம் சொல்லலாமா? அதுக்காகத்தான் நானும் அங்க சேந்தேன். மகளுக்காகச் சேந்தேன். கோமதிக்கும் அகிலாவுக்கும் தெரியாமச் சேந்தது வேற விசயம். அதச் சொன்னா ரெண்டு பேரும் சங்கடப்படுவாவ. மாப்ளையும் வாயத் தெறக்கல, நல்ல மனுசன். "பேசினியளாப்பா?"ன்னு வாராவாரம் அகிலா கேப்பா. "பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்மா, ஒரே நாள்ல முடியுத காரியமா?" அப்படின்னு சொல்லி வச்சேன்.

இப்ப லெஃப்ட்ல திரும்புங்க. இண்டிகேட்டர் போடணும். அது வைப்பர். சரி, இருக்கட்டும், கண்ணாடியும் அழுக்காத்தான் இருந்துச்சு.

அங்க புதுசா படிக்கவன் எல்லாருக்கும் மஞ்ச ஹெல்மெட். அதுதான் அவிய ஊர் எல் போர்டு. காதுல ஒரு ரேடியோ. நம்ம குடையில தொங்கிக்கிட்டு வரும்போது டெப்பி கீழ நின்னு, வலது பக்கம் இழு, இடது பக்கம் இழுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. எனக்கு. எனக்குச் சொல்லுதா. எத்தன ஆயிரம் பேருக்கு நான் லெஃப்ட் ரைட் சொல்லியிருக்கேன். ஒரு தடவ நான் அவகிட்ட, அம்மா, நீ இப்படிக் கத்தினா படிக்கவனுக்குப் பதட்டம்தான் வரும், நான் எங்க ஊர்ல எப்படிச் சொல்லுவேன் தெரியுமான்னு கேட்டேன். மாப்ள அத இங்கிலீஷ்ல சொல்ல மாட்டேன்னுட்டாரு.

இன்னொரு பழக்கம் உண்டு. அங்க எது முதல் தடவ செஞ்சாலும் செஞ்சவன் எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுக்கணும். முதல் தடவ தனியாச் சாடினா பீரு. முதல் தடவ நின்னுக்கிட்டே எறங்கினா பீரு. முதல் தடவ ஆட்டுத் தொழுவத்துல விழுந்தா அதுக்கும் பீரு. நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் கோமதிகிட்ட, மாப்ள கூட்டாளிகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடு, அவிய மனச மாத்தினா மாப்ள மனசும் மாறும்னேன். பாவம், அவளும் நம்பி டின்னு டின்னாச் சுட்டா. வெள்ளைக்காரன் பீரக் குடிச்சிக்கிட்டே எங்க வீட்டு முறுக்கக் கடிச்சான். ஆவுடை இன்னைக்கு என்ன புதுசா செஞ்சான்னு வாசல்லயே நின்னு கேக்க ஆரம்பிச்சிட்டாவ.

இருவத்தஞ்சு தடவ சாடினா லைசென்ஸ். மழ, காத்து, மேகம்னு பாதி நாள் ப்ளேனே ஏறாது, அதனால மாசக் கணக்குல இழுத்துட்டு. அகிலாவுக்கு நாள் நெருங்கிட்டு. அந்தச் சமயந்தான் எனக்கு இருவத்தஞ்சு முடிஞ்சிது.

இப்பச் சொல்லப் போறதக் கவனமாக் கேளுங்க, இதுதான் ஒங்க கேள்விக்குப் பதில். வண்டிய ஓரமாக் கூட நிறுத்திக்கிடுங்க. வேண்டாமா? அப்ப மூணாவதப் போடுங்க.

ஒரு ப்ளேன்ல பதினஞ்சு பேர் போவாவ. எல்லாரும் ஒரே வயல்ல வந்து எறங்கணும். ஒருத்தன் கிழக்கப் பாத்து எறங்கி, ஒருத்தன் மேக்கப் பாத்து எறங்கினா நேருக்கு நேரா மோதிச் சாவான். அதனால ஒரு சட்டம் வச்சிருக்காவ. முதல்ல எறங்குதவன் எந்தப் பக்கம் பாத்து எறங்குதானோ, அதே பக்கம் பாத்துத்தான் பின்னால வார எல்லாரும் எறங்கணும். காத்துக்கு எதிரா எறங்குததுதான் முறை, அப்பத்தான் வேகம் குறையும். காத்து முதுகுல அடிச்சா தள்ளிக்கிட்டுப் போயிரும். ஆனாலும் முதல் ஆளு தப்பாவே எறங்கினாலும் சரி, அவன் பின்னாலதான் போவணும். வேகமா விழுந்தா எலும்புதான் முறியும், மோதினா உயிரே போயிரும்னு கணக்கு.

இதுல மஞ்ச ஹெல்மெட்டு மட்டும் விலக்கு. மஞ்ச ஹெல்மெட்டு முதல்ல எறங்கினா ஒருத்தனும் அதச் சட்டை பண்ண மாட்டான். அது பழகுத பிள்ள, எங்கிட்டும் போவும்னு விட்டுட்டு அடுத்த ஆளப் பாப்பான்.

விளங்குதா? பழகுதவன் பின்னால யாரும் வரமாட்டான். ஒங்க பின்னால நாலு பேரு வாரான்னா நீங்க பழகுதவன் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். மத்தபடி நேத்து இருந்த ஆளுதான் இன்னைக்கும்.

லைசென்ஸ் கிடைச்ச அன்னைக்கு டெப்பி எல்லார் முன்னாலயும் என் மஞ்ச ஹெல்மெட்டக் கழட்டி ஆணியில மாட்டினா. கை கொடுத்தா. "இனிமே நீ முதல்ல எறங்கினா எல்லாரும் உன் பின்னாலதான் வருவாங்க"ன்னு சொன்னதா மாப்ள சொன்னாரு. அதுக்கு மேலயும் அவ நிறையப் பேசினா, துணிப்பைப் பக்கம் கையக் காட்டிக் காட்டிப் பேசினா. நான் கையில முறுக்கு டின்னோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன்.

ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். நான் சொல்லிக் கொடுத்தவன் எவனாவது ரோட்டுல என் பின்னால வந்திருக்கானா? லைசென்ஸ் வாங்கின மறுநாளே என்ன முந்திக்கிட்டுப் போறான். கைகூடக் காட்டுததில்ல. முப்பது வருசமா முதுகத்தான் பாக்கேன். அதனால எனக்கு ஒரு ஆச இருந்துச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் முன்னால போவணும், எல்லாரும் பின்னால வரணும். இதுல என்ன தப்பு?

அந்தப் போட்டோவ டெப்பி அவிய இன்டர்நெட் பக்கத்துல போட்டுட்டா. அகிலா பாத்துட்டா. புருசனத் தடுக்கப் போன அப்பன், இடுப்புல வாரக் கட்டிக்கிட்டு முறுக்கோட நிக்கான். எங்ககிட்ட அவ ஒரு வார்த்த கேக்கல. அடுத்த சனிக்கிழம நாங்க கிளம்பிப் போனதும், மாசமான வயித்தோட அவளே காரெடுத்து, பக்கத்துல கோமதிய உக்கார வச்சிக்கிட்டு, எங்க பின்னாலயே வந்திருக்கா. எங்களுக்கு இது தெரியாது.

லாரிக்கு வழி விடுங்க. அவனுக்கு அவசரம், நமக்கு என்ன.

அன்னைக்கு நான்தான் முதல் ஆளாச் சாடினேன். குடை விரிஞ்சிது. புதுசா படிச்சவனுக்குப் பெரிய குடை கொடுப்பாவ, அது ஆடி அசஞ்சு பையத்தான் எறங்கும். சும்மா இருந்தா மத்தவன் எல்லாம் முந்திருவான். அதனால ஒரு பக்கக் கயித்த இழுத்துப் பிடிச்சிச் சுத்திச் சுத்தி எறங்கினேன். வானத்துல எட்டு போட்டேன்னு வச்சிக்கிடுங்களேன். மேல பாத்தா பதினாலு குடையும் எனக்கு மேல நிக்கு. கீழ பாத்தா வேலி ஓரத்துல அரக்குக் கலர் சுங்கடிச் சேல. அந்த நாட்டுலயே அந்தச் சேல ஒண்ணுதான் உண்டு. பக்கத்துல அகிலா, வேலியப் பிடிச்சிக்கிட்டு.

பயந்து போயிட்டேன்னா நினைக்கிய? இல்ல. சந்தோசமா இருந்துச்சு. பொண்டாட்டியும் பிள்ளையும் பாக்க வந்திருக்கும்போது முதுகக் காட்டிக்கிட்டா எறங்க முடியும்? அவிய நிக்க பக்கமாத் திரும்பினேன். காத்து கொஞ்சம் தள்ளத்தான் செஞ்சிது. கொஞ்சம் என்ன, நல்லாத்தான் தள்ளிச்சு. ஓடி நின்னுரலாம்னு பாத்தேன், காலு நிக்கல. வயித்தால சறுக்கிக்கிட்டுப் போனேன், வாயில ஆட்டுப் புழுக்க. ஆனா ஒரு கீறல் இல்ல. எந்திச்சு கோமதிக்குக் கையக் காட்டினேன். அவ திருப்பிக் காட்டல. அவ எனக்குப் பின்னால பாத்துக்கிட்டு நிக்கா.

திரும்பினேன். வாராவ அண்ணாச்சி. ஒருத்தன் பின்னால ஒருத்தனா, நான் வந்த அதே பக்கமாப் பாத்து வாராவ. இருவது வருசமாச் சாடுதவன், ஆயிரக்கணக்குல சாடினவன், எல்லாரும். ஒருத்தன் மாறல. வந்து விழுந்து உருளுதான், எந்திக்கான், என்னமோ கத்துதான். ஒருத்தன் ஷூ பறந்துட்டு. ஒருத்தன் நேரா ஆட்டுத் தொழுவத்துக்குள்ள போயிட்டான். எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. பதினாலு பேரும் என் பின்னால.

கடைசியா மாப்ள வந்தாரு. பழகின கைக்குச் சின்னக் குடைதான், அது சும்மாவே வேகமா வரும். காத்தும் சேந்து தள்ளுது. அவரு நினைச்சிருந்தா அந்தக் கடைசியில வேற பக்கம் திரும்பியிருக்கலாம், பின்னால யாரும் இல்ல. அது வானத்துல தொங்கும்போது தெரியாதாம். சட்டப்படி வந்தாரு. இடது கணுக்கால் மடங்கி முறிஞ்ச சத்தம் வேலி வரைக்கும் கேட்டுச்சு. அகிலா கத்தல. வயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னா. நான் ஓடிப் போயி, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல"ன்னேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

மாப்ளையத் தூக்கிக்கிட்டுப் போகும்போது அவ அவர்கிட்டத்தான் கேட்டா, "துணிப்பை அங்கதான தொங்குது, ஒனக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு.

"மாமா முதல்ல எறங்குனாரு. நான் பின்னால வந்தேன். அது ரூல் அகிலா." வலியோட அவ்வளவுதான் சொன்னாரு. என்ன விட்டுக்கொடுக்கல பாத்தியளா.

இப்பத்தான் அந்த அநியாயம். டெப்பி வாரா. என் கையப் பிடிச்சித் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயி அந்தக் கம்பத்துக்குக் கீழ நிறுத்தி, அந்தத் துணிப்பையக் காட்டுதா. நான் காத்து திடீர்னு மாறியிருக்கும்னேன். அவ நேராக் கொட்டகைக்குள்ள போனா. ஆணியில கிடந்த மஞ்ச ஹெல்மெட்ட எடுத்துட்டு வந்தா. என் தலையில வச்சி, ஒரு அமுக்கு அமுக்கினா. வெள்ளைக்காரன் அத்தன பேரு முன்னால, கோமதி முன்னால, அகிலா முன்னால. பதினாலு பேர வழிநடத்தின ஆளுக்கு எல் போர்டு. முறையா எழுதிப் படிச்சி வாங்கின லைசென்ஸ். சொல்லுங்க அண்ணாச்சி, இது ஞாயமா? இங்க லைசென்ஸ் வாங்கினவன் கரண்ட் போஸ்ட் மரத்துல இடிச்சிட்டு வந்தா அவன் கழுத்துல நான் எல் போர்டக் கட்டித் தொங்க விடுதேனா?

நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கிய. சரி, கியரப் பாத்து மாத்துங்க.

ரெண்டு வாரத்துல பேரன் பொறந்தான். இனியன்னு பேரு. மாப்ள கட்டுப் போட்ட காலோட சக்கர நாற்காலியில உக்காந்து பிள்ளைய வாங்கினாரு. அத்தோட சாடுதத விட்டுட்டாரு. அந்த மூட்டையையே தூக்கிக் கொடுத்துட்டாரு. நான் என்ன சொல்லி வாக்குக் கொடுத்தேன்? பிள்ள வாரதுக்குள்ள விட வைக்கேன்னு. விட்டாரா இல்லியா? வாயால ஆயிரம் தடவ சொல்லியிருந்தா விட்டிருப்பாரா? இதக் கோமதிகிட்டச் சொன்னேன். அவ கையில இருந்த கரண்டியக் கீழ வச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டா.

ஊருக்கு வந்து வருசம் ஒண்ணுக்கு மேல ஆவுது. அகிலா எங்கிட்டப் பேசுததில்ல. அவளுக்கு வேல அதிகம், கைப்பிள்ள வேற. கோமதிக்கு மட்டும் போன் போடுவா. வீடியோவுல பிள்ளையக் காட்டுவா. கோமதி போனத் தன் மூஞ்சிக்கு நேரா வச்சிக்கிடுவா, நான் பக்கத்துல நாற்காலியப் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிக்க மாதிரி உக்காந்து எட்டிப் பாப்பேன். எட்டிப் பாத்தா என்னத்தத் தெரியும்? என் பேரன் மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியாது அண்ணாச்சி. ஒரு காது தெரியும். ஒரு கன்னம் தெரியும். சிரிச்சா அந்தக் கன்னத்துல ஒரு குழி விழும். இன்னொரு கன்னத்துல விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாது. கோமதிகிட்டக் கேக்கதுக்கும் ஒரு மாதிரியா இருக்கு.

அந்த வேப்ப மரத்தடியில நிறுத்துங்க. பிரேக்க மிதிக்கும்போது கிளட்ச்சும். நல்லா நிறுத்திட்டிய. ஹேண்ட் பிரேக்.

லைசென்ஸா? அது கிடக்கட்டும். இதப் பாருங்க. நேத்து சாயங்காலம் மாப்ள எனக்குன்னு தனியா ஒரு வீடியோ அனுப்பிச்சிருக்காரு. அகிலாவுக்குத் தெரியுமோ தெரியாதோ. பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டான். பாருங்க. நேரா என்னப் பாத்தே வாரான். ரெண்டு கன்னத்துலயும் குழி விழுது, பாத்தியளா. நேத்துதான் எனக்கே தெரியும்.

இப்பக் காலப் பாருங்க. வலது கால எடுத்து வைக்கான். அடுத்து இடது காலு. இழுக்கான் பாத்தியளா? வலது காலு, ஒரு எட்டு. இடது காலு, ஒரு இழுப்பு. நொண்டுதான்.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அங்க ராத்திரி மணி என்னன்னுகூடப் பாக்காம மாப்ளைக்குப் போனப் போட்டேன். பிள்ளைக்குக் காலுல என்ன மாப்ள, டாக்டர்கிட்டக் காட்டினியளான்னு கேட்டேன். அவரு சிரிக்காரு. "காட்டிட்டோங்க மாமா. காலுல ஒரு கோளாறும் இல்லைங்க. எனக்கு இன்னும் அந்த இடது காலு சரியா ஊனலைங்க, தாங்கித்தான் நடக்கறேன். அவன் அதப் பாத்து நடக்கப் பழகிட்டானுங்க. அதுதான் நடக்கற முறைன்னு நினைச்சுக்கிட்டான். போகப்போகச் சரியாப் போயிருமுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அகிலாவே சிரிச்சிட்டாள்னா பாத்துக்கங்க" அப்படின்னாரு.

நானும் சிரிச்சேன். பிள்ளன்னா அப்படித்தான மாப்ள, முன்னால போறவரப் பாத்துத்தான வரும்னேன். சொல்லிட்டுப் போன வச்சிட்டேன்.

இன்னொரு தடவ போடுதேன், பாருங்க. என்ன அழகாச் சிரிச்சிக்கிட்டே வாரான். விழுந்துருவோம்னு ஒரு பயம் இல்ல. அந்த இடது கால மட்டும் பாருங்க.

சரி, கிளம்புவோம். ஒங்களுக்கும் நேரமாச்சு. சாவியப் போடுங்க. பின்னால பாத்துக்கிடுங்க, யாரும் வாரானா? இல்லல்லா.

எல் போர்டா? இருக்கட்டும் அண்ணாச்சி. லைசென்ஸ் வந்த பிறகும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், ஒங்கள என்ன செய்யுது. அது தொங்குத மட்டும் ஒருத்தனும் ஒங்களப் பாத்து வரமாட்டான். கிளட்ச்ச அமுக்குங்க. பைய விடுங்க.